கணக்குக் கேட்பது நம் உரிமை: நமதூர் உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் கேட்பது எப்படி?





ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் நம் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது யாராவது ஒருவர் தொடங்குவார். "போன வருஷமே இந்த வாய்க்காலுக்குப் பணம் வந்துடுச்சாம். வேலையே நடக்கல." இன்னொருவர், "எல்லாத்தையும் தின்னுட்டாங்க" என்பார். மாலைக்குள் அது முஹல்லா வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். இரவுக்குள் கவுன்சிலரின் குடும்பம் வரை இழுக்கப்படும். மழை நின்றதும் பேச்சும் நின்றுவிடும். அடுத்த ஐப்பசியில் அதே தெரு, அதே தண்ணீர், அதே பேச்சு.

பணம் வந்ததா? எவ்வளவு வந்தது? யார் வேலை எடுத்தார்? எத்தனை மீட்டர் கட்டியதாகக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது? இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் அந்த அலுவலகத்திலேயே இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் அதை நாம் வாங்க முடியும். 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் தருகிற உரிமை அது. ஆர்.டி.ஐ. என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் முறையாக ஒரு மனு எழுதி அனுப்பியவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்?

மார்க்கம் காட்டும் வழி

நபி (ஸல்) அவர்கள் பனூ சுலைம் குலத்தாரிடம் ஜகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பிய சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. திரும்பி வந்தவரிடம் நபியவர்கள் கணக்குக் கேட்டார்கள். "இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்று அவர் பிரித்துக் காட்டியபோது அதைக் கண்டித்தார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் மக்கள் முன்னிலையிலேயே பேசினார்கள். பொதுப்பணம் ஓர் அமானிதம். அதைக் கையாண்டவரிடம் கணக்குக் கேட்பது அவரை அவமதிப்பது ஆகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும், விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது என்று திருக்குர்ஆனின் 49:6 வசனம் எச்சரிக்கிறது. "தின்னுட்டாங்க" என்று பரப்புவதற்கு முன் ஆவணத்தைக் கேட்டுப் பார்ப்பதுதான் அந்த விசாரணை. பணம் உண்மையிலேயே வராமல் இருந்திருக்கலாம். அப்படியானால் நாம் பேசியது ஒரு முஸ்லிமின் மானத்தைப் பற்றிய புறம் அல்லது அவதூறு. பணம் வந்து வேலை நடக்காமல் இருந்திருந்தால், இப்போது நம் கையில் ஆதாரம் இருக்கிறது. இரண்டு வகையிலும் நமக்கு நன்மைதான்.

இந்தச் சட்டம் வந்த கதை

தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. ஆண்டு 1997. ஆனால் அதில் விதிவிலக்குகள் மிகுந்திருந்ததால் சாமானியருக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. உண்மையான போராட்டம் ராஜஸ்தானில் நடந்தது. அருணா ராய் முதலானோர் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, கூலி சரியாகக் கிடைக்காத கிராமத் தொழிலாளர்களோடு சேர்ந்து பஞ்சாயத்துக் கணக்குகளை ஊர் நடுவில் உரக்கப் படித்தது. கட்டாத கட்டடத்துக்குப் பணம் எடுத்திருந்ததும், வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. 1996இல் பியாவர் நகரில் 40 நாட்கள் தர்ணா நடந்தது. அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாகவே 2005 அக்டோபர் 12 முதல் இன்றைய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

ஆக, இந்தச் சட்டத்தின் வேர் உள்ளூர் பஞ்சாயத்துக் கணக்கில்தான் இருக்கிறது. டெல்லி ஊழலைப் பிடிக்க மட்டும் வந்தது என்று நினைத்து நாம் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை.

எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது?

கடலூர் நகரம் 2021இல் மாநகராட்சி ஆனது. சிதம்பரம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், விருத்தாசலம் போன்றவை நகராட்சிகள். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, மங்கலம்பேட்டை, கிள்ளை, புவனகிரி, காட்டுமன்னார்கோவில், அண்ணாமலை நகர் போன்றவை பேரூராட்சிகள். மற்ற கிராமங்கள் ஊராட்சிகளில் வரும். ஊராட்சிகளில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தலைவர் இருந்தாலும், தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும், சட்டம் ஒன்றுதான்.

இங்கே ஒரு குழப்பம் வரும். பரங்கிப்பேட்டை என்ற பெயரில் பேரூராட்சியும் உண்டு, ஊராட்சி ஒன்றியமும் உண்டு. இரண்டும் வெவ்வேறு அலுவலகங்கள். சிதம்பரம் நகராட்சியை ஒட்டியே அண்ணாமலை நகர் பேரூராட்சி இருக்கிறது. உங்கள் தெருவின் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கும் உரியதாக இருக்கலாம். வீட்டு வரி ரசீதில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் கவலை வேண்டாம். சட்டத்தின் 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மனுவை மாற்றி அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

அலுவலரின் பெயர் தெரிய வேண்டியதில்லை. "பொதுத் தகவல் அலுவலர், நகராட்சி அலுவலகம், சிதம்பரம்" என்று பதவியைக் குறிப்பிட்டால் போதும்.

மனுவின் உயிர் கேள்வியில் இருக்கிறது

நம்மில் பலர் மனு அனுப்பிவிட்டு, "பதிலே சரியாக வரவில்லை, இந்தச் சட்டமெல்லாம் சும்மா" என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு கேள்வியில்தான் இருக்கிறது.

"எங்கள் தெருவுக்கு ஏன் வாய்க்கால் கட்டவில்லை?" என்று கேட்டால், "இது தகவல் கோருவதாக இல்லை" என்று ஒரே வரியில் பதில் வரும். சட்டத்தின் பார்வையில் அந்தப் பதிலுக்கு இடமும் இருக்கிறது. ஏனென்றால் இந்தச் சட்டப்படி தகவல் என்பது அலுவலகத்தில் ஏற்கெனவே ஏதாவது ஒரு வடிவத்தில் பதிவாகி இருப்பது. 'ஏன்' என்ற கேள்விக்குக் காரணம் சொல்ல அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர் என்று 2008இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு கூறியது. இல்லாத தகவலைத் திரட்டித் தரவோ, கருத்துச் சொல்லவோ தேவையில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது.

ஆகவே காரணத்தைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். ஒரு வாய்க்கால் வேலை நடக்க வேண்டுமானால் அலுவலகத்தில் வரிசையாகச் சில காகிதங்கள் உருவாகும்: மன்றத் தீர்மானம், மதிப்பீடு, டெண்டர், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பணி ஆணை, கட்டிய அளவைப் பொறியாளர் எழுதி வைக்கும் எம்-புக் என்ற அளவுப் புத்தகம், பணம் கொடுத்த பில், பணி நிறைவுச் சான்று. இவற்றின் நகலைக் கேட்டால் மறுப்பதற்கு இடம் குறைவு.

இதில் எம்-புக் மிக முக்கியம். உதாரணத்துக்கு, எம்-புக்கில் 120 மீட்டர் நீளம் என்று எழுதியிருக்கிறது, நீங்கள் தெருவில் டேப் பிடித்தால் 85 மீட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குமேல் நீங்கள் யாரையும் திட்ட வேண்டியதில்லை. அந்த இரண்டு எண்களே பேசும்.

நகல் மட்டுமல்ல. கோப்புகளை நேரில் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், நடக்கும் வேலையை ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் 2(ஞ) பிரிவு உரிமை தருகிறது. பக்கங்கள் அதிகம் என்றால், "முதலில் கோப்பைப் பார்வையிட அனுமதி வேண்டும், தேவையான பக்கங்களின் நகலைப் பிறகு கேட்டுப் பெறுகிறேன்" என்று எழுதுவது நல்லது. முதல் ஒரு மணி நேரம் பார்வையிடக் கட்டணம் கிடையாது.

மாதிரி மனு

வெள்ளைத் தாளில் கையால் எழுதினாலே போதும். தமிழில் எழுதலாம்.

அனுப்புநர்: (பெயர், முகவரி)

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம், (ஊர்)

பொருள்: தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் தகவல் கோருதல்.

ஐயா / அம்மையீர், நான் இந்தியக் குடிமகன் / குடிமகள். எங்கள் பேரூராட்சி (எண்) ஆவது வார்டு (பெயர்) தெருவில் 01.04.2023 முதல் இந்த மனு நாள் வரையிலான கழிவுநீர் வாய்க்கால் பணிகள் குறித்துக் கீழ்க்கண்டவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்க வேண்டுகிறேன்.

1. பணிகளுக்கு ஒப்புதல் அளித்த மன்றத் தீர்மானங்கள்.
2. ஒவ்வொரு பணிக்குமான மதிப்பீடு.
3. ஒப்பந்ததாரருக்கு வழங்கிய பணி ஆணை.
4. எம்-புக்கில் இப்பணிகளுக்குரிய பக்கங்கள்.
5. பணம் வழங்கிய பில்களும் பணி நிறைவுச் சான்றும்.
6. இக்காலத்தில் இத்தெருவுக்கு எந்தப் பணியும் அனுமதிக்கப்படவில்லை எனில், அந்த விவரம்.

கட்டணமாக ரூ.10க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியுள்ளேன்.

(இடம், நாள், கையொப்பம்)

இவ்வளவுதான். ஒரு மனுவில் ஒரு பொருளை மட்டும் கேளுங்கள். காலத்தையும் இடத்தையும் குறுக்குங்கள். "கடந்த 20 ஆண்டுகளில் ஊர் முழுவதும்" என்று கேட்டால் பதிலும் கிடைக்காது, படிக்கவும் முடியாது. ஆறாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். "பணி எதுவும் இல்லை" என்ற பதிலும் ஒரு பதில்தான். அடுத்த கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ கோரிக்கை வைக்க அதுவே அடிப்படை.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை. 6(2) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் காரணம் சொல்ல வேண்டும் என்று குறிப்பிட்டது. ஆனால் அது சட்டத்துக்கு முரணானது என்று கண்டு, சில நாட்களிலேயே தானாக முன்வந்து அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. ஆகவே அலுவலகத்தில் யாராவது "உங்களுக்கு இது எதுக்கு?" என்று கேட்டால் பணிவாக இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

கட்டணமும் தபாலும்

நீதிமன்றக் கட்டண வில்லை நீதிமன்றங்களுக்கு அருகே உள்ள முத்திரைத்தாள் விற்பனையாளர்களிடம் கிடைக்கும். கடலூர், சிதம்பரம் போகும்போது நான்கைந்து வாங்கி ஜமாஅத் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணமில்லை. நகலுக்குச் சாதாரண அளவுப் பக்கம் ஒன்றுக்கு ரூ.2. எவ்வளவு கட்ட வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். அந்தக் கடிதம் புறப்பட்ட நாளுக்கும் நீங்கள் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள் 30 நாள் கணக்கில் சேராது என்பதால் தாமதிக்காமல் கட்டிவிடுங்கள்.

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை வசதியோடு அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ரசீதையும் மனுவின் நகலையும் ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

நம் பகுதியில் கணவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்க, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் சுமக்கும் சகோதரிகள் ஏராளம். அலுவலகத்துக்கு நடையாய் நடக்கத் தயங்கும் அவர்களுக்கு இந்தச் சட்டம் மிகவும் தோதானது. வீட்டிலிருந்தே எழுதித் தபாலில் சேர்க்கலாம். சட்டம் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்திருப்பதால், ஜமாஅத் அல்லது சங்கத்தின் பெயரில் எழுதாமல் தனி நபர் பெயரில் எழுதுவது பாதுகாப்பு.

30 நாள் கழிந்தால்?

மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். கெடு தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 7(6) பிரிவு.

பலர் நின்றுவிடும் இடம் இதுதான். பதில் வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது என்றால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதே அலுவலகத்தின் முகவரிக்கு "மேல்முறையீட்டு அலுவலர்" என்று எழுதலாம். பதில் கடிதம் வந்திருந்தால் அவர் யார் என்பது அதிலேயே இருக்க வேண்டும். அவர் 30 நாட்களில், தாமதத்துக்குக் காரணம் எழுதினால் அதிகபட்சம் 45 நாட்களில் முடிவு செய்ய வேண்டும்.

அதிலும் பலனில்லை என்றால் 90 நாட்களுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. நியாயமான காரணமின்றித் தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ.250 வீதம் ரூ.25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அது அவரது சொந்தப் பணத்திலிருந்து போகும். ஆனால் ஆணையத்தில் விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குப் பொறுமை வேண்டும். கேள்வி தெளிவாக இருந்தால் பல மனுக்கள் அந்த அளவுக்குப் போகாமலே முடிந்துவிடும்.

நம் குடும்பங்களுக்கு நேரடியாகப் பயன்படும் இரண்டு இடங்கள்

முதலாவது, நீங்கள் கொடுத்து வைத்த விண்ணப்பம். வீட்டு வரிப் பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு, கட்டட அனுமதி, பிறப்பு இறப்புப் பதிவில் திருத்தம் எனப் பல மாதங்கள் அலைக்கழிக்கப்படுகிறோம். கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு வீட்டு வரி ரசீது தன் பெயருக்கு மாறாமல் எத்தனை வேலைகள் தடைபடுகின்றன! இப்படிக் கேளுங்கள்: "(தேதி) அன்று நான் கொடுத்த விண்ணப்பம் எந்தெந்த நாளில் எந்தெந்த அலுவலரின் மேசைக்குச் சென்றது, ஒவ்வொருவரும் அதில் எழுதிய குறிப்பின் நகல், இவ்வகை விண்ணப்பத்தை முடிக்க நிர்ணயித்த கால அளவைக் காட்டும் ஆணையின் நகல் ஆகியவற்றைத் தருக." யாரிடம் கோப்பு தூங்குகிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டிய நிலை வரும்போது, கோப்பு தானாக நகர்வதைப் பலர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, மையவாடி. பாதை, சுற்றுச்சுவர், விளக்கு, ஆக்கிரமிப்பு எனப் பிரச்சினை வந்த பிறகு ஆவணம் தேடுவது நம் வழக்கம். முன்கூட்டியே மூன்று இடங்களில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்குரிய 'அ' பதிவேட்டின் நகலும் நில அளவை வரைபடமும். தமிழ்நாடு வக்ஃப் வாரியத்தில் அந்தச் சொத்து பதிவாகியிருப்பதற்கான பக்கம். உள்ளாட்சி அலுவலகத்தில் மையவாடிக்காகச் செய்த செலவுகளின் ஆவணங்கள். இவை மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், சண்டை வருவதற்கு முன்பே சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை

பிறரின் தனிப்பட்ட விவரங்களைக் கேட்காதீர்கள். அது தேவையுமில்லை, கிடைக்கவும் செய்யாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, இந்தச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவைத் திருத்தியதால், தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்கும் வழி இப்போது அகலமாகியுள்ளது. வெள்ள நிவாரணப் பட்டியல், பயனாளிகள் பட்டியல் போன்றவற்றில் இந்தக் காரணம் சொல்லப்பட்டால், பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்கிற 8(2) பிரிவையும், மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து மீதியைத் தரச் சொல்லும் 10ஆவது பிரிவையும் மேல்முறையீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

சொந்தப் பகையைத் தீர்க்கவோ, காசு பறிக்கவோ இதைக் கையில் எடுக்காதீர்கள். அது ஹராம் என்பதோடு, நேர்மையாகக் கேட்பவர்களின் பெயரையும் கெடுத்துவிடும்.

தனியாளாக மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். ஒப்பந்ததாரர்களின் கோபம் கேட்டவர் மீது திரும்புவதுண்டு. ஒரே தெருவில் ஐந்து வீட்டார், அவரவர் பெயரில், ஒரே தகவலைக் கேட்டால் யாரையும் தனியாகக் குறிவைக்க முடியாது.

பதில் வந்ததும் உடனே வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். முதலில் தெருவில் சரிபாருங்கள். பிறகு சம்பந்தப்பட்ட கவுன்சிலரிடமோ தலைவரிடமோ நேரில் காட்டி விளக்கம் கேளுங்கள். எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். விளக்கம் சரியில்லை என்றால் ஆவணங்களோடு மாவட்ட ஆட்சியரிடம் மக்கள் குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள். கிராமமாக இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபைகளில் வாசியுங்கள்.

ஒவ்வொரு முஹல்லாவிலும் எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்களும் ஒரு சகோதரியும் இதற்கென முன்வந்தால் போதும், இன்ஷா அல்லாஹ். அடுத்த மழை வருவதற்குள் நம் தெருவின் கணக்கு நம் கையில் இருக்கும். அப்போது பள்ளிவாசல் வாசலில் நாம் பேசுவது வதந்தியாக இருக்காது.

அமானிதத்தைப் பேணுபவர்களாகவும், அறிந்த பின் பேசுபவர்களாகவும் நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.